நீராவிக் கணக்கு உதைக்கிறதா? கடைசி எண்ணைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம்

பழுக்கக் காய்ச்சிய உலோகத்தின் மேல் நீராவியை விட்டால் ஆக்சைடு கிடைக்கும், ஹைட்ரஜன் வெளியே வரும், எத்தனை லிட்டர் என்று கண்டுபிடி. கேள்வி இரண்டு வரிதான். ஆனால் இந்த இரண்டு வரிக் கேள்வியில் விழுகிற பிழைகளை வருடக்கணக்காகத் திருத்தியதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது: நோட்டில் வழிமுறையைப் படிப்பதே இல்லை, நேராகக் கடைசி எண்ணுக்குப் போய்விடுகிறேன். சரியான விடையோடு அது எந்த விகிதத்தில் தப்புகிறது என்று பார்த்தால் பத்தில் எட்டு நோட்டில் சறுக்கிய இடம் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொள்கை விளக்கம் எதுவும் கிடையாது, அதற்குப் பாடநூல் இருக்கிறது.

எல்லாப் பிழைகளையும் முடிந்தவரை ஒரே கணக்கை வைத்துக் காட்டுகிறேன். 16.8 கிராம் இரும்பு, வேண்டிய அளவு நீராவி, வரும் ஹைட்ரஜன் 0 டிகிரி செல்சியஸில் 1 வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு? இரும்புக்கு அணு நிறை 56 என்றே வைத்துக்கொள்வோம். சமன்பாடு: 3 இரும்பு + 4 நீராவி → 1 கருப்பு இரும்பு ஆக்சைடு + 4 ஹைட்ரஜன். அந்தக் கருப்பு ஆக்சைடில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன், மூலக்கூறு நிறை 232. இரும்பு 0.3 மோல், ஆகவே ஹைட்ரஜன் 0.4 மோல், விடை 8.96 லிட்டர்.

## எதையும் தொடுவதற்கு முன் இந்த ஒரு சோதனை

நீராவியின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே ஒரு ஆக்சிஜன். அது திண்மத்தோடு ஒட்டிக்கொண்டால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு விடுதலை. இரும்பானாலும் மக்னீசியமானாலும் சிர்க்கோனியமானாலும் இதில் மாற்றமே இல்லை. அதனால் திண்மம் எத்தனை கிராம் கூடியதோ அதை 16-ஆல் வகுங்கள், ஹைட்ரஜனின் மோல் வந்துவிடும். செலவான நீராவியின் மோலும் அதே எண்தான்.

நம் கணக்கில் 16.8 கிராம் இரும்பு 23.2 கிராம் ஆக்சைடாகிறது. கூடியது 6.4 கிராம். 6.4-ஐ 16-ஆல் வகுத்தால் 0.4. ஒத்துப்போகிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் நிறையைக் கூட்டிப் பாருங்கள்: 16.8 இரும்பும் 7.2 நீராவியும் சேர்ந்து 24.0, அந்தப் பக்கம் 23.2 ஆக்சைடும் 0.8 ஹைட்ரஜனும் சேர்ந்து 24.0.

இந்தச் சோதனை தேறி, எழுதிய ஆக்சைடும் சரியானதுதான் என்றால் மோல் பகுதி சுத்தம், பிழை வாயுப் பகுதியில் இருக்கிறது, அறிகுறி 2-க்குப் போங்கள். தேறவில்லை என்றால் வாயுச் சமன்பாட்டைத் தொடவே வேண்டாம், அறிகுறி 1-லேயே நில்லுங்கள். இந்த இடத்தில் பிரித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி போடுகிறவர்கள்தான் அதே பிழையை அதே இடத்தில் இரண்டாம் முறையும் அழகாகச் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது உலர்ந்த ஆக்சைடு வரும் வினைகளுக்கு மட்டும். மக்னீசியம் வெந்நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடு வந்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்குத் திண்மம் 34 கிராம் கூடும், அங்கே 16-ஐப் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் தப்பும்.

## அறிகுறி 1: விடை ஒரு சுத்தமான பின்னத்தில் தப்புகிறது

உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். முக்கால், இரண்டு, மூன்று என்று வந்தால் மோல் விகிதத்தில்தான் கோளாறு.

### முக்கால் வருகிறது (6.72 லிட்டர்)

ரொம்பச் சாதாரணமான பிழை. சமன்பாட்டை எழுதியிருப்பீர்கள், சமன் செய்திருப்பீர்கள், அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்காமல் இரும்பு 0.3 மோல் என்றால் ஹைட்ரஜனும் 0.3 மோல் என்று போட்டிருப்பீர்கள். மக்னீசியம், துத்தநாகம் இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்பது சரி, அந்தப் பழக்கம் இரும்புக்கும் வந்துவிடுகிறது. அலுமினியத்துக்கு 2-க்கு 3. சிர்க்கோனியத்துக்கு 1-க்கு 2.

### பாதிக்குச் சற்று மேல் வருகிறது (5.04 லிட்டர்)

விகிதம் தலைகீழ். மூன்றில் நான்கால் பெருக்க வேண்டிய இடத்தில் நான்கில் மூன்றால் பெருக்கியிருக்கிறீர்கள். இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு: சமன்பாட்டில் ஹைட்ரஜனின் எண் இரும்பின் எண்ணைவிடப் பெரியது, ஆகவே விடையிலும் ஹைட்ரஜனின் மோல்தான் பெரியதாக இருக்க வேண்டும். 0.225 என்று வந்த உடனேயே பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

### எட்டில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது (10.08 லிட்டர்)

இது சமன்பாட்டையே மாற்றிப் போட்டவர்களின் விடை. இரும்பு ஆக்சைடு என்றதும் துரு நினைவுக்கு வருகிறது, இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன் உள்ள சிவப்பு ஆக்சைடை எழுதிவிடுகிறார்கள். நீராவியில் வருவது கருப்பு ஆக்சைடு, காந்தத்தில் ஒட்டும். கேள்வியிலேயே 'கருப்புத் திண்மம்' என்றோ 'காந்தத்தால் ஈர்க்கப்படும்' என்றோ இருந்தால் அது அலங்காரத்துக்கு எழுதியதல்ல, வழிகாட்டி. இங்கே 16 சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், தப்பான சமன்பாடு தனக்குள்ளேயே ஒத்துப்போகும்: 7.2 கிராம் கூடும், 0.45 மோல் வரும், எல்லாம் சரி மாதிரியே இருக்கும். ஆக்சைடு எது என்பதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

### இரண்டு மடங்கு (17.92), மூன்று மடங்கு (26.88)

இரண்டு மடங்கு என்றால் 0.8 கிராம் ஹைட்ரஜனை 2-க்குப் பதில் 1-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அதாவது அணுவை எண்ணிவிட்டீர்கள், மூலக்கூறை அல்ல. மூன்று மடங்கு என்றால் 4-ஆல் பெருக்கினீர்கள், 3-ஆல் வகுக்க மறந்தீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒரு நிமிட வேலை.

### 56 மடங்கு

கிராமை மோலாகவே பெருக்கிவிடுவது. இது பொதுவாகக் கண்ணில் பட்டுவிடும், ஆனால் நான் எடுத்த இந்தக் கணக்கில் ஒரு விபரீதம் இருக்கிறது: 16.8-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 22.4 வரும்! நோட்டில் 22.4 என்று பார்த்ததும் 'ஆகா, மோலார் பருமன் வந்துவிட்டது' என்று கீழே இரண்டு கோடு போட்டு முடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த 22.4 லிட்டர் இல்லை, மோலும் இல்லை, ஒரு தற்செயல். தெரிந்த எண் வருகிறது என்பது சரியான விடைக்கு அத்தாட்சி ஆகாது.

இந்த ஐந்தில் எதுவும் பொருந்தாமல், சமன்பாடும் சரியாக இருந்து, 16 சோதனையும் தேறவில்லை என்றால் கேள்வியில் உள்ள உலோகத்தின் அணு நிறையைச் சரிபாருங்கள். அணு எண்ணை அணு நிறையாகப் போட்டவர்களும் உண்டு, இரும்புக்கு 26 என்று.

## அறிகுறி 2: விடை பத்து, நூறு, ஆயிரம் மடங்கு தப்புகிறது

இனி வெப்பநிலையை 25 டிகிரி ஆக்குவோம். அழுத்தம் அதே 1 வளிமண்டலம். வாயுச் சமன்பாட்டின்படி 0.4 × 0.08206 × 298, விடை 9.78 லிட்டர்.

0.82 லிட்டர் வந்தால்: கெல்வினுக்கு மாற்றாமல் 25-ஐ அப்படியே போட்டிருக்கிறீர்கள். சுமார் 12 மடங்கு குறையும். கேள்வியில் 0 டிகிரி என்று கொடுத்திருந்தால் பருமன் பூஜ்ஜியம் ஆகிவிடும், அப்போதாவது கை தானாக நிற்க வேண்டும்.

991 வந்தால்: வாயு மாறிலி 8.314-ஐ எடுத்துக்கொண்டு அழுத்தத்தை 1 என்று போட்டிருக்கிறீர்கள். 8.314-க்குத் துணை கிலோபாஸ்கல், அழுத்தம் 101.325. அப்போது பருமன் நேராக லிட்டரில் வரும்.

0.00978 வந்தால்: பிழையே இல்லை. பாஸ்கல் போட்டிருக்கிறீர்கள், வந்தது கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்குங்கள். இதைத் தப்பு என்று அடித்துவிட்டு முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதியவர்கள் நிறையப் பேர், எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம்.

0.0129 வந்தால்: அழுத்தத்தை 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று போட்டு, மாறிலியை 0.08206 ஆகவே விட்டுவிட்டீர்கள். பாதரச அளவு வேண்டுமென்றால் மாறிலி 62.36.

8.21 வந்தால்: மடங்குப் பிழை இல்லை, ஆனால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 8.96-ஐ 298/273-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் தலைகீழாகப் பெருக்கியிருக்கிறீர்கள். சூடாக்கினால் வாயு விரியும். 8.96-ஐவிடக் குறைந்த எண் வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

என் பழக்கம் என்னவென்றால், மாறிலியை எழுதும்போது பக்கத்திலேயே அதன் அலகையும் எழுதிவிடுவது. சோம்பலாக இருக்கும், ஆனால் இந்தப் பிரிவில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும்.

## அறிகுறி 3: விடை கிட்டத்தட்டச் சரி, ஆனால் ஒன்று முதல் பத்து சதவீதம் தள்ளி நிற்கிறது

இதுதான் ஆளைத் தூங்கவிடாத வகை. மோலும் சரி, அலகும் சரி, விடைத் தாளில் உள்ள எண்ணோடு மட்டும் ஒட்டவில்லை.

### 1.3 சதவீதம்

8.96-க்குப் பதில் 9.08. உங்கள் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம். திட்ட அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் மோலார் பருமன் 22.4 லிட்டர், 1 பார் என்றால் 22.7 லிட்டர். ஐயுபிஏசி (வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பு) 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 பாராக மாற்றியது, ஆனால் பழைய எண்ணை வைத்தே எழுதப்பட்ட கணக்குகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கேள்வியில் எந்த அழுத்தம் என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள். சொல்லவில்லை என்றால் அந்தப் புத்தகத்தின் மாதிரிக் கணக்கு எதையாவது திறந்து அவர்கள் எந்த எண்ணைப் புழங்குகிறார்கள் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். விடையில் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் திருத்துகிறவருக்கும் சங்கடம் இல்லை.

### 7 அல்லது 9 சதவீதம்

'அறை வெப்பநிலை' என்ற சொல்லின் வேலை. 20 டிகிரியில் 1 வளிமண்டலத்தில் ஒரு மோல் சுமார் 24.0 லிட்டர், 25 டிகிரியில் சுமார் 24.5 லிட்டர். கேள்வி அறை வெப்பநிலை என்றபோது நீங்கள் 22.4-ஐப் போட்டால் இந்த அளவு குறையும். கேள்வியில் வெப்பநிலை எண்ணாகக் கொடுக்கப்பட்டிருந்தால் இந்தத் தயார் எண்களை மறந்துவிட்டு வாயுச் சமன்பாட்டுக்கே போங்கள், அதுதான் பாதுகாப்பு.

### 3 சதவீதம் வாக்கில்

'நீரின் மேல் சேகரிக்கப்பட்டது' என்ற மூன்று சொற்களைப் படிக்காமல் தாண்டியிருக்கிறீர்கள். நீருக்கு மேல் பிடித்த ஹைட்ரஜனில் நீராவியும் கலந்திருக்கும். 25 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 23.8 மில்லிமீட்டர் பாதரசம், ஆகவே மொத்த அழுத்தம் 760 என்றால் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் 736.2 மட்டுமே. அதே 0.4 மோல் இப்போது 10.10 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆவி அழுத்தம் 20 டிகிரியில் 17.5, 30 டிகிரியில் 31.8, வெப்பநிலை ஏற ஏறத் திருத்தமும் பெரிதாகும்.

திசையில் கவனம். மோலிலிருந்து பருமனுக்குப் போனால் ஈர வாயுவின் பருமன் கூடும். பருமனிலிருந்து மோலுக்குப் போனால் ஹைட்ரஜனின் மோல் குறையும். இரண்டிலும் செய்வது ஒன்றேதான், மொத்த அழுத்தத்திலிருந்து ஆவி அழுத்தத்தைக் கழிப்பது. கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிழை இரட்டிப்பாகி 6 சதவீதம் ஆகும்.

இங்கே இன்னொரு பொறி. 10.10-ஐயும் அறிகுறி 1-இல் சிவப்பு ஆக்சைடு போட்டவர்களின் 10.08-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே எண். 25 டிகிரியில் நீரின் மேல் பிடித்த ஹைட்ரஜனைக் கேட்கும் கணக்கில், தப்பான சமன்பாட்டை எழுதி, 22.4-ஆல் பெருக்கி, ஈரத் திருத்தத்தையும் மறந்த ஒருவருக்குச் சரியான விடை வந்துவிடும்! மூன்று தப்பு சேர்ந்து ஒரு சரி. அதனால்தான் எண் ஒத்துப்போனாலும் 0.4 மோல் எங்கே வருகிறது என்று நடுவில் ஒரு முறை தேடச் சொல்கிறேன்.

குழாய்க்குள் நீர்மட்டம் வெளி மட்டத்தைவிட உயரமாக நின்றால் அதற்கும் ஒரு கழித்தல் உண்டு: 13.6 மில்லிமீட்டர் நீர் 1 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். 13.6 சென்டிமீட்டர் உயரம் என்றால் 10 மில்லிமீட்டர் பாதரசம் போகும். கேள்வியில் உயரம் கொடுக்கவில்லை என்றால் மட்டங்கள் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 4: இரும்பு, நீராவி இரண்டின் அளவும் கொடுத்திருக்கிறது, விடை உதைக்கிறது

16.8 கிராம் இரும்பு, 5.4 கிராம் நீராவி. இரண்டும் 0.3 மோல். 'சமமாக இருக்கிறது, இரண்டும் தீர்ந்துவிடும்' என்று மனது சொல்லும். சமமாக இருப்பதால்தான் தீராது, வினைக்குத் தேவை 3-க்கு 4.

ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள். இரும்பு 0.3/3 = 0.1. நீராவி 0.3/4 = 0.075. சிறிய எண் எதற்கோ அதுதான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி, முதலில் தீர்ந்துபோவது. இங்கே நீராவி. ஹைட்ரஜன் 0.3 மோல், 0 டிகிரியில் 6.72 லிட்டர். மிச்ச இரும்பு 0.075 மோல், 4.2 கிராம்.

6.72 என்ற எண்ணை முன்பே பார்த்தோம், ஒன்றுக்கு ஒன்று போட்டவர்களின் தப்பு விடை. இங்கே அதுவே சரி. ஹைட்ரஜனை மட்டும் கேட்டால் பிழை மறைந்துவிடும், 'மீதமுள்ள திண்மத்தின் நிறை என்ன' என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வார்கள். திண்மம் என்றால் ஆக்சைடு மட்டுமல்ல, மிச்ச இரும்பும் சேர்த்து: 17.4 + 4.2 = 21.6 கிராம். கூடியது 4.8, 16-ஆல் வகுத்தால் 0.3. பார்த்தீர்களா, இரும்பு பாதியில் நின்றாலும் அந்தச் சோதனை வேலை செய்கிறது.

நீராவி மிஞ்சினால் வேறு கவனம் வேண்டும். 16.8 கிராம் இரும்புக்கு 9 கிராம் நீராவி விட்டால் 0.1 மோல் நீராவி மிஞ்சும். வெளியே வரும் வாயுவை 150 டிகிரியில் அளந்தால் அந்த மிச்சமும் வாயுதான், மொத்தம் 0.5 மோல், 17.4 லிட்டர் வாக்கில். 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதில் பெரும்பகுதி நீராகிக் கீழே விழுந்துவிடும், ஈர ஹைட்ரஜன் 10.10 லிட்டர் மிஞ்சும். கேள்வி 'வெளிவரும் வாயுக் கலவை' என்கிறதா, 'ஹைட்ரஜன்' என்கிறதா என்று படியுங்கள்.

## அறிகுறி 5: நீராவியின் அளவு லிட்டரில் கொடுத்திருக்கிறது

எந்த வெப்பநிலையில் என்று பார்க்காமல் 22.4-ஆல் வகுத்திருந்தால் அங்கேயே கோளாறு. 1 வளிமண்டலத்தில் 0 டிகிரியில் நீராவியாக நிற்கும் நீர் கிடையாது. 100 டிகிரியில் ஒரு மோல் நீராவி சுமார் 30.6 லிட்டர். இன்னொரு வகை, கேள்வி '5.4 மில்லிலிட்டர் நீரை ஆவியாக்கி' என்று இருக்கும், அதை 22,400-ஆல் வகுப்பார்கள். அது திரவ நீர், ஏறக்குறைய 5.4 கிராம், 18-ஆல் வகுங்கள், முடிந்தது.

## அறிகுறி 6: மூடிய கலனில் அழுத்தம் ஏறுகிறது (அல்லது சமநிலை மாறிலி கே கொடுத்திருக்கிறது)

மூடிய கலன், அதே வெப்பநிலை, நீராவி போய் ஹைட்ரஜன் வருகிறது. அழுத்தம் ஏறும் என்றோ இறங்கும் என்றோ உங்களுக்கு விடை வந்தால் அது தப்பு. எத்தனை மோல் நீராவி போகிறதோ அத்தனை மோல் ஹைட்ரஜன் வருகிறது, மொத்த மோல் மாறாது, அழுத்தமும் மாறாது. உலோகம் எதுவானாலும் சரி. பெரும்பாலும் இதில் காரணம் இரும்பின் மோலையும் வாயு மோலோடு கூட்டியிருப்பதுதான்.

குளிர்வித்த பிறகு அழுத்தம் கேட்டால் கதை வேறு. 10 லிட்டர் கலனில் 0.4 மோல் ஹைட்ரஜன், அடியில் கொஞ்சம் நீர், 25 டிகிரி: ஹைட்ரஜன் 0.978, ஆவி 0.031, மொத்தம் 1.01 வளிமண்டலம்.

கேள்வியில் சமநிலை மாறிலி கொடுத்திருந்தால் முழு வினை நடக்கிறது என்று போட்ட கணக்கெல்லாம் குப்பைக்கு. திறந்த குழாயில் ஹைட்ரஜன் அடித்துக்கொண்டு போகப்படுகிறது, வினை முடிவு வரை போகும். மூடிய கலனில் நடுவிலேயே நின்றுவிடும். இங்கே நடக்கும் பிழை ஒன்றே ஒன்று: சமன்பாட்டில் 4 நீராவி, 4 ஹைட்ரஜன் இருப்பதால் மாறிலி என்பது அழுத்தங்களின் விகிதம் அல்ல, விகிதத்தின் நான்காம் அடுக்கு. மாறிலி 16 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2, ஒரு மோல் நீராவியில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜனாகும், 0.67 மோல். நான்காம் மூலம் எடுக்க மறந்தால் 0.94 மோல் என்று வரும். திண்மங்கள் இரண்டும் மாறிலியில் வராது, ஆனால் இரும்பு போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 7: 'உலோகம் எது' என்ற கணக்கில் இல்லாத உலோகம் வருகிறது

0.84 கிராம் உலோகம் நீராவியோடு வினைபுரிந்து 0 டிகிரியில் 1 வளிமண்டலத்தில் 448 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் தருகிறது. ஹைட்ரஜன் 0.02 மோல். சமான நிறை, அதாவது ஒரு மோல் ஹைட்ரஜன் அணுவுக்கு ஈடான உலோகத்தின் நிறை, 0.84/0.04 = 21. இதை இணைதிறனால் பெருக்கி அணு நிறை காண வேண்டும்.

1-ஆல் பெருக்கினால் 21, அங்கே உலோகம் இல்லை. 2-ஆல் 42, இல்லை. 3-ஆல் 63, 'அட, தாமிரம்!' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தாமிரம் நீராவியோடு வினைபுரியாது, எவ்வளவு காய்ச்சினாலும். 4-ஆல் 84, அது கிரிப்டான் பக்கம், உலோகமே அல்ல. முழு எண்களிலேயே தேடினால் கடைசி வரை கிடைக்காது. கருப்பு இரும்பு ஆக்சைடில் இரும்பின் சராசரி ஆக்சிஜனேற்ற எண் 8/3. 21 × 8/3 = 56. இரும்பு.

நீராவி என்ற சொல் இருந்து, முழு எண் எதுவும் ஒத்துவராமல் போனால் முதலில் 8/3-ஐப் போட்டுப் பாருங்கள். கலவைக் கணக்கிலும் தாமிரம் வந்தால் ஹைட்ரஜனுக்கு அதன் பங்கு பூஜ்ஜியம்: 10 கிராம் இரும்பு-தாமிரக் கலவை 2.24 லிட்டர் தந்தால் 0.1 மோல், இரும்பு 0.075 மோல், 4.2 கிராம், கலவையில் 42 சதவீதம்.

## அறிகுறி 8: கணக்கு சரி, தராசு ஒத்துவரவில்லை

ஆய்வகத்தில் செய்து பார்க்கிறவர்களுக்கு. முழுதும் வினைபுரிந்தால் இரும்பின் நிறை 38.1 சதவீதம் கூட வேண்டும், மக்னீசியம் 65.8, துத்தநாகம் 24.5, அலுமினியம் 88.9. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பாதி வாக்குவாதம் குறையும். 1780-களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் லவாசியேயும் மெஸ்னியேயும் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துப்பாக்கிக் குழாயில் நீரைச் செலுத்தி ஹைட்ரஜனைப் பிடித்தார்கள், அங்கேயும் இரும்பின் எடை கூடியதுதான் சாட்சி.

குறைவாகக் கூடியிருந்தால், செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். கொள்கலனின் எடையைக் கழித்தீர்களா? சிதறிய தூள் ஏதும் உண்டா? அடுத்தது மக்னீசிய நாடாவைத் தேய்த்துச் சுத்தம் செய்தீர்களா, ஏற்கெனவே ஆக்சைடு படிந்த நாடா என்றால் அந்த எடை உலோகமே அல்ல. அப்புறம் உள்மையம். இரும்பு ஆணியின் மேல்தோல் மட்டும் கருத்து உள்ளே அப்படியே இருக்கும், உடைத்தோ அரத்தால் தேய்த்தோ பாருங்கள், தூளாக எடுத்துச் செய்தால் இது தீரும். அலுமினியத்தில் தோல் மெல்லியது, ஆனால் பிடிவாதமானது, வினையை அங்கேயே நிறுத்திவிடும். கடைசியாக வெப்பநிலை: 570 டிகிரிக்கு மேல் ஒரு இரும்புக்கு ஒரு ஆக்சிஜன் உள்ள ஆக்சைடும் சேர்ந்து உருவாகும், அது முழுதாக இருந்தால் 28.6 சதவீதம்தான் கூடும்.

அதிகமாகக் கூடியிருந்தால், முதல் சந்தேகம் ஈரம். உலர்த்தி, ஆறவைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள், இரண்டு முறை ஒரே எடை வரும்வரை. அடுத்தது காற்று: சூடாக இருக்கும்போதே திறந்துவிட்டால் கருப்பு ஆக்சைடு சிவப்பை நோக்கிப் போகும், எல்லை 42.9 சதவீதம்.

வாயு அதிகம், திண்மம் சரி என்றால் சூடான குழாயிலிருந்த காற்று விரிந்து முதலில் வந்து உங்கள் சேகரிப்பில் சேர்ந்திருக்கிறது. வாயு குறைவு, திண்மம் சரி என்றால் கசிவு. தக்கை ஓரத்தில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள், ஆனால் சூடாக்குவதற்கு முன்னால், குளிர்ந்த நிலையில். சோதனைக் குழாயின் உள்பக்கம் கருத்துப்போய் மக்னீசியக் கணக்கு உதைத்தால் உலோகம் கண்ணாடியோடேயே வினைபுரிந்திருக்கிறது, அந்த எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், குழாயை மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

## கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

நோட்டுக் கணக்கில்: 16 சோதனை தேறி, அலகுகள் ஒத்து, அழுத்தம் எது என்பதும் தெளிவாகி, இன்னும் ஒட்டவில்லை என்றால் விடைத் தாளே தப்பாக இருக்கலாம். உங்கள் தாளை ஆசிரியரிடம் கொண்டு போங்கள், இடையில் வரும் மோல் எண்ணைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். அதைப் பார்த்தால் அவருக்கு அரை நிமிட வேலை.

ஆய்வகத்தில்: வெப்பத்தை நிறுத்தியதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னால் ஏறத் தொடங்கினால் அதைச் சரிசெய்ய நீங்களே கை நீட்டாதீர்கள், சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடும், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் வெளியேறும் குழாயை நீரிலிருந்து எடுத்துவிட்டால் இது வரவே வராது. வாயுவைப் பற்ற வைக்கும் வேலையும் பொறுப்பாளருடையது: காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையானாலும் ஹைட்ரஜன் பற்றும், காற்று முழுதாக வெளியேறிவிட்டது என்பதை உறுதிசெய்யாமல் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. எரியும் மக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, காரணம் இந்தப் பக்கம் முழுவதும் இருக்கிறது. உலர்ந்த மணல், அதற்கும் அடங்காவிட்டால் தீயணைப்பு.

ஆலையிலோ கொதிகலனிலோ இந்தக் கணக்கைப் போட நேர்ந்தால் மோல் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அழுத்தமும் காற்றோட்டமும் பாதுகாப்புப் பொறியாளரின் வேலை. ஒரு கிலோ சிர்க்கோனியம் நீராவியில் முழுதாக ஆக்சைடானால் 10.96 மோல் உலோகத்துக்கு 21.9 மோல் ஹைட்ரஜன், 25 டிகிரியில் 536 லிட்டர். ஒன்றுக்கு இரண்டு என்பதை மறந்து 268 என்று எழுதுகிறவர்கள் இங்கேயும் உண்டு. 2011-இல் புகுஷிமா அணுமின் நிலையத்தில் கட்டடங்களின் கூரையைப் பெயர்த்தெறிந்தது எரிபொருளின் சிர்க்கோனிய உறைகள் நீராவியோடு வினைபுரிந்து வந்த இதே ஹைட்ரஜன்தான்.